‘தயவுசெய்து’ போதுமா? தமிழ்வழி அலுவலக ஆங்கிலக் கைந்நூல்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்வழி கற்றோர்க்கு அலுவலக ஆங்கிலம் கற்பிக்கும் கைந்நூல்கள் சொல்லுக்குச் சொல் நிகர் தருகின்றன. அத்தொடரை யார், யாரிடம், எந்நிலையில் கூறுவது என்பதைச் சொல்லாமல் விடுகின்றன. இக்குறை ஆங்கில அறிவின் குறை அன்று, தமிழ் இலக்கண அறிவைப் பயன்கொள்ளாத குறை என்பது இக்கட்டுரையின் வாதம். நன்னூலின் வினா விடை வகைகள், கால வழுவமைதி, தொல்காப்பியத்தின் ‘ஈ, தா, கொடு’ பற்றிய வரையறை ஆகியவற்றைக் கொண்டு இந்நூல்களின் தமிழ் விளக்கங்கள் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அலுவலக ஆங்கிலம், ஏவல்வினா, இறைபயப்பன, வழுவமைதி, இரவின் கிளவி, தாம்பரம்.

முன்னுரை

தாம்பரத்தை மையமாகக் கொண்ட தென்சென்னைப் புறநகர் இரண்டு தொழில் உலகங்களுக்கு நடுவே கிடக்கிறது. மேற்கே பெருவழிச்சாலையை ஒட்டி 1984இல் தொடங்கப்பெற்ற சென்னை ஏற்றுமதி வளாகம். உள்ளூர் வழக்கில் ‘மெப்ஸ்’. கிழக்கே சேலையூர், மேடவாக்கம் வழியாகச் சென்றால் சோழிங்கநல்லூர். அங்கிருந்து வடக்கே தரமணி வரையிலும் தெற்கே சிறுசேரி வரையிலும் மென்பொருள் நிறுவனங்கள். தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்ற 2000ஆம் ஆண்டுக்குப் பின், தாம்பரத்தில் இறங்கும் தென்மாவட்ட இளைஞர் கிழக்கே திரும்புவது பெருகியது. அவர்களை முதலில் எதிர்கொள்வது ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ வகைச் சுவரொட்டிகளும், நடைபாதைக் கடைகளில் அடுக்கிவைக்கப்பட்ட மலிவுவிலைக் கைந்நூல்களும்தாம்.

இந்நூல்களைத் தமிழ்த்துறையினர் பொருட்படுத்துவதில்லை. சிற்றிதழ்க் கவிதைக்கும் பெருநாவலுக்கும் திறனாய்வு உண்டு. கல்லூரி முடித்த ஓர் இளைஞன் தன் கைப்பணத்தைக் கொடுத்து வாங்கி, அடிக்கோடிட்டு, மனப்பாடம் செய்யும் தமிழ்நூலுக்குத் திறனாய்வு இல்லை. இவை ஆங்கில நூல்கள் என்ற எண்ணம் அதற்குக் காரணமாகலாம். உண்மையில் பக்கத்தின் பாதி தமிழ். அந்தத் தமிழ்ப்பாதியே இங்கு ஆய்வுப்பொருள். இவ்வகை நூல்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதாலும், குறை அமைப்பில் இருக்கிறதே அன்றித் தனியொருவரிடம் இல்லை என்பதாலும் நூற்பெயர்களும் பதிப்பகப் பெயர்களும் சுட்டப்பெறவில்லை.

கைந்நூலின் அமைப்பு

அமைப்பு எளியது. இடப்புறம் ஆங்கிலத் தொடர், நடுவே அதன் ஒலிப்பு தமிழெழுத்தில், வலப்புறம் தமிழ்ப்பொருள். பழைய பதிப்புகள் வணக்கம் கூறல், கடைக்குச் செல்லல், மருத்துவரைக் காணல் என இயல் பிரித்தன. கபில் தேவின் விளம்பரத்தால் இந்தியா முழுதும் அறியப்பெற்ற ‘ரேபிடெக்ஸ்’ வரிசை இம்மரபைப் பரப்பியதில் முன்நின்றது. அண்மைப் பதிப்புகள் நேர்காணல், மின்னஞ்சல், கூட்டம், தொலைபேசி, விடுப்பு என அலுவலகத்துக்குள் நுழைந்துள்ளன. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திற்குப் பின் தொடர்புத்திறன் என்பது கல்லூரிப் பாடமாகவும் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் விடுதி அறைகளில் கைந்நூலின் செல்வாக்கு குறையவில்லை. அதற்கு ஒரு நியாயம் உண்டு. வகுப்பில் கேட்க வெட்கப்படுவதைக் கைந்நூலிடம் கேட்கலாம்.

ஒலிப்பைத் தமிழெழுத்தில் தரும் முறையைப் பலர் எள்ளுவர். எனக்கு அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. வலப்புறப் பத்தியே சிக்கலானது. அங்குள்ள தமிழ் எவரும் பேசாத, எவரும் எழுதாத ஒரு தமிழ். ‘ப்ளீஸ்’ வரும் இடமெல்லாம் ‘தயவுசெய்து’ வருகிறது. ‘யூ’ வரும் இடமெல்லாம் ‘நீ’ அல்லது ‘நீங்கள்’ என மனம்போன போக்கில் வருகிறது. மேலாளரிடம் கூறவேண்டிய தொடருக்கு ‘உன்னால் முடியுமா’ என்றும், கடைநிலை ஊழியரிடம் கூறும் தொடருக்குத் ‘தாங்கள்’ என்றும் பொருள் தந்த பக்கங்களைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலம் அறியாத வாசகன் அத்தொடரின் மதிப்பை எடைபோடத் தன் கையில் உள்ள ஒரே துலாக்கோல் தமிழ். அத்துலாக்கோலே பழுதுபட்டிருக்கிறது.

‘வேண்டும்’ என்னும் சொல்

என் அறைத்தோழி வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரினர். குடும்பத்தில் முதற் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம், வெளிநாட்டில் இருந்த மூத்த ஊழியர் ஒருவருக்கு ‘ஐ வாண்ட் த ஃபைல் டுமாரோ’ என மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாள் அழைக்கப்பட்டு, பணிவு கற்றுக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டார். அன்றிரவு அவர் கேட்ட கேள்வி இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்: “எனக்கு நாளைக்குக் கோப்பு வேண்டும்னுதானே எழுதினேன், இதுல என்ன திமிர் இருக்கு?”

திமிர் இல்லைதான். தமிழில் ‘வேண்டு’ என்னும் வினை விரும்பலையும் இரத்தலையும் ஒருங்கே சுமப்பது. ‘வேண்டுகோள்’, ‘வேண்டுதல்’, ‘வேண்டிக்கொள்கிறேன்’ என அதன் கிளைகள் எல்லாம் கைகூப்பி நிற்பவை. ‘எனக்கு வேண்டும்’ என்பதில் எழுவாய் தன்மை வடிவில் வருவதுமில்லை. நான்காம் வேற்றுமை ஏற்றுத் தாழ்ந்து நிற்கிறது. விருப்பம் அவனுக்கு நேர்வதாகத் தொடர் அமைகிறது. ஆங்கிலத்தின் ‘ஐ வாண்ட்’ அவ்வாறன்று. அங்குத் தன்மை எழுவாய் முன்னே வந்து நிற்கிறது. மேலதிகாரி கூறினும் அது சற்றுக் கடுமையே. ‘ஐ வாண்ட் – எனக்கு வேண்டும்’ எனச் சமக்குறி இட்ட கைந்நூல் பொருளளவில் பிழை செய்யவில்லை. ஆயினும் தமிழ்த்தொடரின் பணிவை ஆங்கிலத்தொடர் மீது ஏற்றிவிட்டது. அந்தச் சமக்குறிக்கு அறைத்தோழி கொடுத்த விலை, ஓராண்டுக் காலம் எந்த மின்னஞ்சலையும் பிறரிடம் காட்டாமல் அனுப்ப அஞ்சியது.

ஏவல்வினாவும் இறைபயப்பனவும்

ஆங்கில அலுவலக வழக்கில் ஏவல்கள் பெரும்பாலும் வினாவாக வருகின்றன. ‘குட் யூ சென்ட் மீ த ரிப்போர்ட்?’ என்பது அனுப்பும் ஆற்றல் உண்டா என வினவுவதன்று, அனுப்பு என்பதே. இதனை மொழியியலார் மறைமுகப் பேச்சுச்செயல் என்பர். ஜான் சர்ல் 1975இல் இதுகுறித்து எழுதியபோது, உணவு மேசையில் உப்பை எடுத்துத் தர முடியுமா எனக் கேட்பதைச் சான்றாகக் கொண்டார். தொடர்புத்திறன் பயிற்றுநர் பலர் இதனை மேலைநாட்டு நாகரிகமாக, தமிழ் மாணவர் புதிதாகக் கற்கவேண்டிய ஒழுக்கமாகக் கூறுவர்.

பவணந்தி முனிவரின் நன்னூல் 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படுவது. அது வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகையாகப் பகுக்கிறது. ஒன்றைச் செய்யுமாறு ஏவும் பொருட்டு வினவுவது ஏவல்வினா. பத்தாம் வகுப்புத் தமிழ்ப்பாடநூலில் இப்பகுப்பு உண்டு. அரசுப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் இதனைத் தேர்வுக்காக எழுதியிருக்கிறார். கைந்நூல் ஆசிரியர் ‘குட் யூ’ தொடரின் கீழே ‘இது ஏவல்வினா’ என ஒருசொல் எழுதியிருந்தால் போதும். ஒரு பக்க விளக்கம் மிச்சம். அவ்வாறு எழுதிய கைந்நூல் ஒன்றையும் நான் காணவில்லை. மாறாக, ‘உன்னால் எனக்கு அறிக்கையை அனுப்ப முடிந்ததா?’ என்னும் பொருளை ஒன்றில் கண்டேன். ‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் என்னும் பள்ளிப்பாடத்தின் விளைவு அது.

விடைப்பகுதி இன்னும் வளமானது. நன்னூல் கூறும் எட்டு விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடியானவை. ஏவல், வினாஎதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் வினாவுக்கு உடன்பாட்டையோ மறுப்பையோ வெளிப்படச் சொல்லாமல் அப்பொருளைத் தருவன. உரையாசிரியர்கள் இவற்றை இறைபயப்பன என்பர். ‘ஆடுவாயா?’ என்றவழிக் ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘பாடுவேன்’ என்பது இனமொழி.

அலுவலகத்தில் மறுப்பது எப்படி என்பதே புதிதாகச் சேர்ந்தவரின் முதன்மையான இடர். கைந்நூல்கள் இதற்குத் தருவது ‘சாரி, ஐ கான்ட்’ என்னும் மறைவிடை ஒன்றே. ‘மன்னிக்கவும், என்னால் முடியாது’ எனத் தமிழும். அலுவலக வழக்கில் மறைவிடை மிக அரிது. அறிக்கை இன்று முடியுமா எனக் கேட்கப்பட்டவர், வேறொரு பணி நண்பகல் வரை இருக்கிறது என்கிறார்: உற்றது உரைத்தல். அவசரமாக முடித்தால் பிழைகள் வரும் என்கிறார்: உறுவது கூறல். வியாழக்கிழமைக்குள் தருகிறேன் என்கிறார்: இனமொழி. இவற்றுள் எதை முந்தித் தரவேண்டும் எனத் திருப்பிக் கேட்கிறார்: வினாஎதிர் வினாதல். நான்கும் மறுப்பு, நான்கிலும் ‘முடியாது’ இல்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்ததையே, வேலைக்குச் சென்றபின் கட்டணம் செலுத்தி வேறு பெயரில் கற்கிறோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நன்னூலார் பணிவுக்கோட்பாடு எதனையும் வகுத்தார் எனக் கூறுவது மிகை. ஏவல்வினா உண்டு என்றாரே அன்றி, நேர் ஏவலை விட்டு ஏன் வினா வடிவைத் தேரவேண்டும் என்பதை அவர் விளக்கவில்லை. எல்லாம் நம் நூலில் உண்டு என்னும் பெருமிதத்துக்கு இக்கட்டுரை துணைநிற்காது. ஏன் என்னும் வினாவுக்கு விடைகாண முயன்றவர்கள் பெனலோப் பிரௌனும் ஸ்டீபன் லெவின்சனும். 1978இல் கட்டுரையாகவும் 1987இல் தனிநூலாகவும் வந்த அவர்தம் பணிவு ஆய்வு, கேட்பவரின் மதிப்பும் தன்னுரிமையும் ஊறுபடாமல் காப்பதே இத்தகைய சுற்றுவழிகளின் நோக்கம் என்கிறது. அவர்கள் சான்றாகக் கொண்ட மும்மொழிகளுள் ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்ட்டாலும் தவிர மூன்றாவது, கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழ். பணிவின் பொதுமைகளை உலகுக்கு விளக்கிய நூலொன்று தமிழ்ச் சிற்றூரின் பேச்சைச் சான்றாகக் கொண்டிருக்க, தமிழ்ச் சிற்றூரிலிருந்து வரும் மாணவர்க்குப் பணிவாகப் பேசத் தெரியாது எனத் தாம்பரத்துப் பயிற்சி வகுப்பு கூறுவது முரணன்றி வேறில்லை.

அம்மாணவரின் வாயில் அன்றாடம் உள்ளது ‘கொஞ்சம் பாருங்களேன்’ என்னும் தொடர். ‘கொஞ்சம்’ அளவைக் குறிக்கவில்லை, ஏவலை மென்மையாக்குகிறது. ‘ஏன்’ வினவவில்லை; இசையுமாறு நயக்கிறது. ‘வுட் யூ மைண்ட்’, ‘ஐ வாஸ் வொண்டரிங்’ முதலிய தொடர்களுக்கு வலப்புறப் பத்தியில் வைக்கவேண்டியவை ‘-ங்களேன்’, ‘-லாமே’, ‘-தருவீங்களா’ என்னும் இவ்வுயிருள்ள ஈறுகள். வைக்கப்பட்டிருப்பதோ ‘தயவுசெய்து’. பேச்சுவழக்கை அச்சில் ஏற்றக் கூசும் மனநிலை இதற்குக் காரணம். பேச்சைக் கற்பிக்கும் நூலில் அக்கூச்சத்துக்கு இடமில்லை.

காலம் பிறழ்தல்

‘குட்’, ‘வுட்’, ‘மைட்’, ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ ஆகியவற்றில் இறந்தகால வடிவம் நிகழ்காலக் கருத்துக்கு வருகிறது. கற்பவரை மிகவும் மயக்குவது இதுவே. தமிழ் மரபில் இதனை விளக்க ஏற்ற சொல் வழுவமைதி. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் தம்முள் மயங்கும் என நன்னூல் அமைதி கூறுகிறது. இன்னும் புறப்படாதவர் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது விரைவு பற்றியது. ஆங்கிலம் இப்பட்டியலில் ‘பணிவு’ என்னும் ஐந்தாவது காரணத்தைச் சேர்த்துள்ளது எனக் கற்பித்தால் மாணவர்க்குக் குழப்பம் தீரும்.

பால் திணை வழுவமைதியும் இங்குக் கருதத்தக்கது. ஒருவரை ‘அவர்’ எனப் பன்மையாற் கூறுவதற்கு நாம் காட்டும் காரணம் உயர்வு. தமிழ் எண்ணைப் பிறழவைத்து மதிப்பை உணர்த்துகிறது. ஆங்கிலம் காலத்தைப் பிறழவைத்து உணர்த்துகிறது. ‘யூ’ என்னும் ஒரே சொல் அனைவர்க்கும் வருவதால் ஆங்கிலத்தில் மரியாதை வேறுபாடு இல்லை என மேடைகளில் கூறப்படுவதுண்டு. வேறுபாடு இருக்கிறது, அது பெயரிலிருந்து வினைக்கு இடம்மாறியிருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தில் மேலாளரைப் பெயர்சொல்லி அழைக்குமாறு கூறப்பட்ட மாணவர், படிநிலையே இல்லை என நம்பி வினையிலும் நேர் ஏவலைக் கையாண்டு அடிபடுவது இதனை அறியாமையால்.

ஈ, தா, கொடு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், ஒன்றை இரக்கும்போது வரும் சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றை எடுத்துக்கொண்டு, ‘ஈ’ தாழ்ந்தோனும் ‘தா’ ஒத்தோனும் ‘கொடு’ உயர்ந்தோனும் கூறும் சொற்கள் என வரையறுக்கிறது. பொருள் ஒன்று, இடம் மூன்று. கைந்நூல்கள் இழந்துவிட்ட பத்தி இதுதான்: தொடருக்கு எதிரே அதனைக் கூறுபவரின் நிலை.

இப்பத்தி இல்லாமையின் தீங்கு இருவகையில் வெளிப்படுகிறது. ஒன்று, ‘ஐ வாண்ட்’ போன்ற மிகைத்துணிவு. மற்றொன்று மிகைத்தாழ்வு. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் பெற்ற எழுத்தர் சீனிவாச இராமானுசன், 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்சின் ஹார்டிக்கு எழுதிய கடிதம், தம்மை அறிமுகம் செய்துகொள்ள ‘இரந்து’ தொடங்குகிறது. ‘ஐ பெக்’ என்பது அக்கால எழுத்தர் ஆங்கிலத்தின் வாய்பாடு. சொல்லளவிலேயே அது ஓர் இரவின் கிளவி. அவ்வாய்பாடு அன்றைய அலுவலகத்தில் பொருந்தியது. அக்கால நிழல் இன்றும் கைந்நூல்களின் விடுப்புக் கடிதங்களில் ‘மோஸ்ட் ஹம்ப்ளி’ எனவும், இறுதியில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ எனவும் நீடிக்கிறது. சோழிங்கநல்லூரில் ஒருநாள் விடுப்புக் கேட்டு இவ்வாறு எழுதியவரின் கடிதம் குழுவுக்குள் நகைப்பாகச் சுற்றிவருகிறது.

‘டூ த நீட்ஃபுல்’ என்பதையும் இங்கே கருதலாம். இந்தியத்தனமான பிழை எனப் பயிற்றுநர் இதனை வெட்டுகின்றனர். ஒருகாலத்தில் பிரித்தானிய ஆங்கிலத்திலும் இயல்பாக வழங்கிய தொடர் இது, பிழையன்று, வழக்கிழந்தது. தமிழக அரசுக் கடிதங்களின் ‘ஆவன செய்யுமாறு’ அதன் நேர்நிகர். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரகத்துக்கு எழுதும் தமிழ்க்கடிதத்தில் அது இன்றும் பொருத்தமே. அயல்நாட்டு வாடிக்கையாளர்க்கு எழுதும் ஆங்கில மின்னஞ்சலில் பொருந்தாது. இவ்விடவேறுபாட்டைச் சொல்லாமல் ‘தவறு’ என ஒதுக்குவது, மாணவர்க்குத் தம் தந்தையார் எழுதிய கடிதங்கள் எல்லாம் தவறு என்னும் எண்ணத்தையே தரும்.

தொல்காப்பிய வரையறையை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாகாது என்பதையும் கூறவேண்டும். ‘இழிந்தோன்’ என்னும் சொல்லாட்சி பிறப்பையும் செல்வத்தையும் சார்ந்த ஓர் உலகின் சொல்லாட்சி. முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் நீ ‘ஈ’ என்னும் இடத்தில் நிற்பவன் என்று கூறுவது கொடுமை. அலுவலகப் படிநிலை பதவியைச் சார்ந்தது; மாலையில் வளாக வாயிலைத் தாண்டியதும் அது முடியவேண்டும். எனவே கொள்ளவேண்டியது முறை மட்டுமே.

குழூஉக்குறி

சொற்பட்டியல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘பெஞ்ச்’ என்பதற்கு ‘நீண்ட இருக்கை’ எனப் பொருள்தரும் நூல், திட்டப்பணி ஒதுக்கப்படாமல் காத்திருக்கும் ஊழியரின் நடுக்கத்தை உணர்த்தாது. ‘எஸ்கலேட்’, ‘பேண்ட்வித்’, ‘பிங்’ எல்லாம் அத்தகையன. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை உரையாசிரியர்கள் குழூஉக்குறிக்குச் சான்று காட்டுவர். ஒரு தொழிற்குழுவினுள் புகுந்தால் தானே படியும் சொற்கள் இவை. வேலைநீக்கத்தை ‘ரைட்சைசிங்’ என்பது வேறுவகை. அதனை மங்கலம் என்பதா, இடக்கரடக்கல் என்பதா என வகுப்பில் விவாதிக்கலாம். என் கருத்தில் இரண்டுமன்று, இறந்ததைத் ‘துஞ்சினார்’ என்பதில் இறந்தவர்பால் பரிவு உண்டு, இதில் இல்லை.

கற்பித்தல் குறித்துச் சில

தமிழகக் கல்லூரிகளில் பகுதி ஒன்றாகத் தமிழும் பகுதி இரண்டாக ஆங்கிலமும் ஒரே மாணவர்க்கு, அடுத்தடுத்த பாடவேளைகளில் நடத்தப்பெறுகின்றன. ஒன்றில் இறைபயப்பன, மற்றொன்றில் மறுப்பு மின்னஞ்சல். இரண்டும் சந்திப்பதில்லை. தமிழாசிரியர் ‘கால் வலிக்கிறது’ என்பதோடு நின்றுவிடுகிறார். ஆங்கில ஆசிரியர் மாணவர்க்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தெரியாததாக எண்ணித் தொடங்குகிறார்.

அறைத்தோழியும் நானும் அவருடைய பழைய கைந்நூலில் நான்காவது பத்தி ஒன்றைப் பென்சிலால் கோடிட்டுச் சேர்த்தோம். அதில் ஒத்தோர், மேலோர், புதியவர் என மூன்று குறிகள். சில தொடர்களுக்கு மூன்றும் பொருந்தின. ‘ஐ வாண்ட்’ என்பதன் எதிரே எதுவும் பொருந்தவில்லை. அங்கு அவர் ‘கேன்டீன்’ என எழுதினார். ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப்’ என்பதன் வலப்புறம் ‘தயவுசெய்து’ அடிக்கப்பட்டு, அவர் ஊர் வழக்கில் ‘செஞ்சி குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும்’ என எழுதப்பட்டுள்ளது. நிபந்தனை எச்சத்துக்கு நிபந்தனை எச்சம். அச்சிட்ட பொருளைவிட அது ஆங்கிலத் தொடருக்கு அணுக்கமானது. வாழ்த்து, முறையீடு, மன்னிப்புக் கோரல் ஆகிய இயல்கள் இன்னும் நிரப்பப்படாமல் உள்ளன. மன்னிப்புக் கோரலில் ‘சாரி’, ‘ரிக்ரெட்’, ‘அப்பாலஜைஸ்’ மூன்றுக்கும் அந்நூல் தருவது ‘மன்னிக்கவும்’ என்னும் ஒரே சொல்.